பேஷண்ட்டுங்க போன் நம்பரை விளம்பரத்துக்கு அப்லோடு பண்ணச் சொல்றாங்க, பண்ணலாமா?

வைகைக்கரை:

வணக்கம் மக்களே. மதுரைல ஒரு சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், ஃபேஸ்புக், இன்ஸ்டா, கூகுள்னு மூணுலயும் விளம்பரம் ஓட்டுறதுதான் பொழப்பு. இதுவரைக்கும் நகைக்கடை, கல்யாண மண்டபம், ஸ்கூல் அட்மிஷன், ப்ளாட் ப்ரமோட்டர் இந்த மாதிரிதான் வந்துட்டு இருந்துச்சு. இப்ப புதுசா ஒரு குழந்தையின்மை சிகிச்சை சென்டர் க்ளையண்ட்டா வந்திருக்காங்க, மாசாமாசம் நல்ல பட்ஜெட், ஆபீஸ்ல எல்லாருக்கும் சந்தோஷம்.

பிரச்சனை என்னன்னா, அவங்க ஒரு எக்செல் ஷீட் அனுப்பிட்டாங்க. இதுவரைக்கும் வந்த பேஷண்ட் லிஸ்ட் மொத்தமும். பேரு, வயசு, வீட்டுக்காரர் பேரு, போன் நம்பர், அதுக்கு அடுத்த கட்டத்துல ஐயுஐயா (விந்தணுவைக் கருப்பைக்குள்ள செலுத்துறது) ஐவிஎஃப்பா (டெஸ்ட் ட்யூப் முறை), எத்தனாவது தடவைன்னு இருக்கு. கடைசில ரிமார்க்ஸ்னு ஒரு கட்டம், ரிசப்ஷன்ல இருக்கிறவங்க டைப் பண்ணது போல. அதுல ஒரு பேருக்கு நேரா "மாமியார் வீட்டு நம்பர், சாயங்காலம் கூப்பிட வேண்டாம்"னு போட்டிருந்துச்சு. அதைப் பாத்ததுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

அவங்க கேக்குறது ரெண்டு விஷயம். ஒண்ணு, இந்த நம்பரை எல்லாம் மெட்டால (ஃபேஸ்புக், இன்ஸ்டா நடத்துற கம்பெனி) கஸ்டம் ஆடியன்ஸா, அதாவது விளம்பரம் காட்ட வேண்டிய ஆளுங்க லிஸ்ட்டா ஏத்தி, பாதில ட்ரீட்மெண்ட்டை விட்டுட்டுப் போனவங்களுக்கு மட்டும் "மறுபடி வாங்க, சலுகை இருக்கு"ன்னு விளம்பரம் காட்டணும். ரெண்டாவது, அதே லிஸ்ட்டை வச்சு லுக்கலைக் ஆடியன்ஸ் உண்டாக்கி, இவங்கள மாதிரியே இருக்கிற புது ஆளுங்களப் பிடிக்கணும். எங்க எம்டி சொல்றாரு, நம்பர் அப்படியே போகாது ஹாஷ் ஆகித்தான் போகும், யாருக்கும் தெரியாது, எல்லா ஏஜென்சியும் பண்றதுதானே, நீ ஏன் யோசிக்கிறன்னு.

இன்னும் நான் எதையும் ஏத்தல. சட்டப்படி சரியா தப்பான்னும் தெரியணும், சட்டத்தை விடுங்க, இது செய்யத் தகுந்த வேலைதானான்னும் தெரியணும். வேண்டாம்னா க்ளையண்ட் கோவிச்சுக்காம எப்படிச் சொல்றது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நெசவுக்கடை:

தம்பி, நான் விளம்பரம் குடுக்கிற பக்கத்து ஆளு. சேலத்துல சின்னதா சேலை வியாபாரம், பாதிக்கு மேல ஆன்லைன்ல. அதனால என் பக்கத்து நியாயத்தை முதல்ல சொல்லிடுறேன், இந்த டேட்டா விஷயத்துல எல்லாரையும் ஒரே மாதிரி திருடன்னு பேசுறது எனக்குப் பிடிக்காது. பெரிய ஜவுளிக்கடைக்காரங்க டிவில, ஹோர்டிங்ல, பேப்பர்ல முழுப்பக்கம்னு போடுவாங்க, என்னால முடியுமா. எங்கிட்ட ஏற்கனவே வாங்கின கஸ்டமருக்குப் புது டிசைன் வந்திருக்குன்னு காட்டுறதுக்கு இந்தக் கஸ்டம் ஆடியன்ஸ்தான் கை குடுத்துச்சு. 2021ல ஐபோன்ல "இந்த ஆப் உங்களை ட்ராக் பண்ணலாமா"ன்னு கேக்குற முறையை ஆப்பிள் கொண்டு வந்தப்ப மெட்டாவே 2022ல சுமார் 1000 கோடி டாலர் வருமானம் அடிபடும்னு சொன்னாங்க, ஆனா அவங்களுக்கு அடிபட்டா எழுந்துக்குவாங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு அதே காசுக்கு வர்ற ஆர்டர் குறைஞ்சா அந்த மாசம் தறிக்காரருக்குக் கூலி குடுக்கவே திணறணும்.

ஆனா நீங்க சொல்ற கேஸ் வேற. என் லிஸ்ட்ல ஒருத்தர் பேரு இருந்தா அவங்க சேலை வாங்கினாங்கன்னு தெரியும், அவ்வளவுதான், தெரிஞ்சா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அந்த சென்டர் லிஸ்ட்ல பேரு இருக்குன்னாலே அந்தக் குடும்பத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் உங்க இடத்துல இருந்தா தொடமாட்டேன். பணம் வேற இடத்துல வரும்.

ராத்திரி_கோடர்:

ப்ரோ, அந்த ஹாஷ் கதைய முதல்ல உடைச்சிடலாம், ஏன்னா எல்லா மீட்டிங்லயும் இதைச் சொல்லித்தான் வாயை அடைக்கிறாங்க.

ஹாஷ்னா உங்க போன் நம்பரை எஸ்எச்ஏ-256ன்னு ஒரு கணக்குல போட்டு ஒரு நீளமான எழுத்துக் கோர்வையா மாத்துறது. அந்தக் கோர்வைல இருந்து நேரா பின்னாடி போய் நம்பரை எடுக்க முடியாது, அது உண்மை. ஆனா மெட்டாகிட்ட ஏற்கனவே அந்த ஆளோட நம்பர் இருக்கு, அக்கவுண்ட் ஆரம்பிக்கும்போதே குடுத்திருக்காங்க. அவங்க தன்கிட்ட இருக்கிற நம்பரையும் அதே கணக்குல போட்டு வச்சிருப்பாங்க. நீங்க அனுப்புற கோர்வையும் அவங்க கோர்வையும் ஒண்ணா இருந்தா ஆள் கிடைச்சாச்சு. அந்த மாதிரி ஆளைக் கண்டுபிடிக்கிறதுக்காகத்தானே அந்த வசதியே இருக்கு, ஆள் யாருன்னு தெரியாட்டி விளம்பரத்தை யாருக்குக் காட்டுவாங்க? அப்புறம் இன்னொண்ணு, இந்தியால மொபைல் நம்பர் 6, 7, 8, 9 இந்த நாலுல ஒண்ணுலதான் ஆரம்பிக்கும், 10 இலக்கம், மொத்தமே 400 கோடி நம்பர்தான் சாத்தியம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் கம்ப்யூட்டர் ஒண்ணு இருந்தா 400 கோடிக்கும் ஹாஷ் போட்டுப் பாக்க ஒரு நிமிஷம்கூட வேண்டாம். அதனால ஹாஷ் பண்ணா பேர் தெரியாத டேட்டா ஆயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்கால எஃப்டிசி, அதாவது நுகர்வோர் விஷயத்தைப் பாக்குற அவங்க அரசாங்க அமைப்பு, 2024ல இதையே வெளிப்படையா எழுதினாங்க, ஹாஷ் பண்றதால டேட்டா அநாமதேயம் ஆயிடாதுன்னு.

உங்க கேஸ் மாதிரியே ஒண்ணு நடந்திருக்கு. பெட்டர்ஹெல்ப்னு ஆன்லைன் மனநல கவுன்சிலிங் கம்பெனி, கவுன்சிலிங்குக்கு வந்தவங்க ஈமெயிலை எல்லாம் ஹாஷ் பண்ணி ஃபேஸ்புக்ல ஏத்தி, அவங்கள மாதிரி ஆளுங்களத் தேடினாங்க. உங்க க்ளையண்ட் கேக்குறதுல ரெண்டாவது வேலை அதேதான். "உங்க விஷயம் வெளிய போகாது"ன்னு சொல்லிட்டுத்தான் அதைப் பண்ணாங்க. 2023ல எஃப்டிசி 78 லட்சம் டாலர் கட்ட வச்சது, இனிமே விளம்பரத்துக்காக ஹெல்த் டேட்டாவை யார்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு தடையும் போட்டது. அதே வருஷம் குட்ஆர்எக்ஸ்னு மருந்து தள்ளுபடி கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் அபராதம், அவங்களும் யார் என்ன மருந்து வாங்குறாங்கன்ற விஷயத்தை விளம்பரக் கம்பெனிகளுக்கு அனுப்பினதுக்குத்தான்.

ஒண்ணு கேக்கணும், அந்த சென்டர் வெப்சைட்ல மெட்டா பிக்சல், அதாவது பக்கத்துக்கு வர்றவங்க என்ன பண்றாங்கன்னு மெட்டாவுக்கு அனுப்புற சின்ன கோட், போட்டிருக்காங்களா? அப்பாயிண்ட்மெண்ட் பக்கத்துல அது இருந்தா லிஸ்ட் ஏத்தாமலே பாதி விஷயம் போயிட்டுதான் இருக்கும். எந்தப் பக்கத்தைப் பாத்தாங்க, எந்தப் பட்டனை அமுக்கினாங்கன்றது போகும், அட்வான்ஸ்டு மேட்சிங் ஆன்ல இருந்தா ஃபார்ம்ல அடிச்ச போன் நம்பர், மெயில்கூட ஹாஷ் ஆகிப் போகும். பக்கத்தோட அட்ரஸ்லயே ஐவிஎஃப்னு இருந்தா வேற விளக்கமே தேவையில்ல. 2022ல தி மார்க்கப்னு ஒரு செய்தி நிறுவனம் அமெரிக்காவோட முன்னணி 100 ஆஸ்பத்திரி வெப்சைட்டைச் சோதிச்சுப் பாத்தாங்க, 33ல பிக்சல் இருந்துச்சு.

பேர்_வேண்டாம்:

நான் இந்த மாதிரி இடத்துல எழுதுறதே இல்ல, தலைப்பைப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல.

நாங்க ரெண்டு பேரும் ட்ரீட்மெண்ட்டுக்குப் போனது எங்க அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேணும்னேதான் சொல்லல. எங்க பக்கம் கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டினாலே "ஏதாச்சும் விசேஷம் உண்டா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க, வளைகாப்புக்குக் கூப்பிட்டா போகவும் சங்கடம் போகாம இருக்கவும் சங்கடம், போனா வளையல் போட நம்மளைக் கூப்பிடுவாங்களா மாட்டாங்களான்னு மூலைல உக்காந்து பாத்துட்டு இருக்கணும். குறை எங்கிட்ட இல்லன்னு ரிப்போர்ட்ல இருந்துச்சு, ஆனா அதை வெளிய சொன்னா அவர் தலை குனிஞ்சிடும்னு அதையும் சொல்லல. ஆஸ்பத்திரில குடுத்தது அவர் நம்பர். ரெண்டாவது தடவையும் நிக்காம போனதுக்கப்புறம் கொஞ்ச நாள் விட்டுட்டோம், உடம்பும் தாங்கல கையில காசும் இல்ல.

ஒரு நாள் நாத்தனார் பையன் மாமா போனை வாங்கி வீடியோ பாத்துட்டு இருந்தான். கூடத்துல எல்லாரும் இருக்கோம். அவன் இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசு, சத்தமா படிச்சான், "உங்கள் அடுத்த முயற்சிக்கு நாங்கள் துணை". கூடவே குழந்தை படம். என்ன மாமா முயற்சின்னு கேட்டான். எங்க மாமியார் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கு மேல அந்த நாளைப் பத்தி எழுத எனக்கு விருப்பம் இல்ல.

பிறகு அவர் அந்த விளம்பரத்து மேல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டுப் பாத்தாரு, ஏன் இந்த விளம்பரம்னு ஒரு விவரம் வரும். அந்த இடம் ஒரு லிஸ்ட் ஏத்தியிருக்கு, அதுல நீங்க இருக்கீங்கன்னு போட்டிருந்துச்சு. நாங்க நம்பர் குடுத்தது ஸ்கேன் என்னைக்கு, ஊசி எப்ப போடணும்னு சொல்றதுக்கு. பணம் கட்டித்தான் ட்ரீட்மெண்ட் எடுத்தோம், சும்மா யாரும் பண்ணல.

தம்பி, அந்த ஷீட்ல "மாமியார் வீட்டு நம்பர்"னு போட்டிருக்குன்னு சொன்னீங்கள்ல. அந்தப் பொண்ணு எவ்வளவு யோசிச்சு அதை ரிசப்ஷன்ல சொல்லியிருக்கும்னு எனக்குத் தெரியும். தயவு செஞ்சு ஏத்தாதீங்க.

கீழராஜவீதி:

அக்கா, இதை எழுதினதுக்கு ரொம்ப நன்றி. உங்களுக்கு நடந்தது இங்க மட்டும் இல்ல. 2018ல வாஷிங்டன் போஸ்ட்ல வேலை பாத்த கில்லியன் ப்ராக்கெல்னு ஒரு பத்திரிகையாளர், குழந்தை வயித்துலயே இறந்து போச்சு, அதுக்கப்புறமும் குழந்தைச் சாமான் விளம்பரம் வந்துட்டே இருந்துச்சு. நான் கர்ப்பமா இருக்கேன்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு உங்களுக்குப் புத்தி இருந்தா, என் குழந்தை இறந்ததையும் நீங்க கண்டுபிடிச்சிருக்கலாமேன்னு இந்தக் கம்பெனிகளைப் பாத்து பகிரங்கமா எழுதினாங்க. எனக்கு அதுலயும் ஒரு பயம் இருக்கு, அடுத்து அந்தச் சாவையும் கண்டுபிடிச்சு அதுக்குத் தகுந்த விளம்பரம்னு ஆரம்பிச்சிடுவாங்களோன்னு. இன்னும் நல்லா தெரிஞ்சுக்கிட்டு காட்டுறது இதுக்குத் தீர்வே இல்ல, தெரிஞ்சுக்கவே கூடாத விஷயம்னு சிலது இருக்கு.

தஞ்சை_வக்கீல்:

சட்டத்தைக் கேட்டிருக்கீங்க, சுருக்கமா சொல்லப் பாக்குறேன், நீளமாத்தான் வரும்.

தனிமை அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 9 நீதிபதிகள் அமர்வுல 2017 ஆகஸ்ட் 24 அன்னிக்குச் சொல்லிடுச்சு, புட்டசாமி வழக்கு. அதுக்கப்புறம் வந்ததுதான் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகள் அதுல இருந்து 18 மாசம் கழிச்சு அமலுக்கு வருது. இதைச் சாக்கா வச்சு அதுவரைக்கும் எல்லாத்தையும் பண்ணிக்கலாம்னு சொல்ற ஆளுங்களை நானே பாத்திருக்கேன். அப்படி இல்ல. ஐடி சட்டத்துக்குக் கீழ 2011ல வந்த விதிகள்ல உடல்நிலை, மருத்துவ வரலாறு எல்லாம் நுண்ணுணர்வுத் தரவுன்னே (சென்சிட்டிவ் டேட்டா) இருக்கு, என்ன நோக்கம்னு சொல்லி எழுத்துல சம்மதம் வாங்கணும், மூணாவது ஆளுக்குக் குடுக்க முன்கூட்டியே அனுமதி வேணும். 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டமும் சிகிச்சைக்கு வர்ற தம்பதி விவரத்தை ரகசியமா வச்சிருக்கணும்னு சொல்லுது. டாக்டர்களுக்கு 2002 நடத்தை விதிகள் தனியா இருக்கு, நோயாளி ரகசியத்தைக் காக்குறதும் அதுல வருது, நோயாளியைத் தேடிப் பிடிச்சு விளம்பரம் பண்றதுக்குக் கட்டுப்பாடும் அதுலயே வருது.

2023 சட்டத்துலயே உங்க கேள்விக்கு ரொம்ப பக்கத்துல வர்ற உதாரணம் ஒண்ணு இருக்கு. ஒருத்தர் மருந்துக்கடைல வாங்கிட்டு, ரசீதை என் மொபைலுக்கு அனுப்புங்கன்னு நம்பரைத் தானா குடுக்கிறாங்க. கடைக்காரர் அந்த நம்பரை ரசீது அனுப்புறதுக்குப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான் அந்த உதாரணம். குடுத்த காரணம் எதுவோ அதுக்கு மட்டும். நீங்க வச்சிருக்கிற லிஸ்ட்ல யாரும் விளம்பரத்துக்குன்னு நம்பர் குடுக்கல.

"அட்மிஷன் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கியிருக்கோமே"ன்னு க்ளையண்ட் சொல்லுவாங்க. சம்மதம்னா சுதந்திரமா, குறிப்பா, விவரம் தெரிஞ்சு, நிபந்தனை இல்லாம, தெளிவா குடுத்ததா இருக்கணும்னு சட்டம் சொல்லுது, எதுக்குச் சம்மதம்னு சொல்ற அறிவிப்பைத் தமிழ்ல கேட்டா தமிழ்ல குடுக்கணும். ஸ்ட்ரெச்சர்ல படுக்க வைக்கிற நேரத்துல இங்கிலீஷ்ல நாலு பக்கம் நீட்டி அஞ்சு இடத்துல கையெழுத்து வாங்குறது அந்தக் கணக்குல வராதுன்னுதான் நான் வாதாடுவேன்.

மெட்டாவோட சொந்த விதிகளே பிசினஸ் டூல் (பிக்சல் மாதிரி) வழியா ஹெல்த் விவரம் அனுப்பாதன்னு சொல்லுது, ஏத்துற லிஸ்ட்டுக்குத் தேவையான அனுமதி எல்லாம் உங்ககிட்ட இருக்குன்னு உங்களையே உறுதி குடுக்க வைக்குது. அந்த டிக்கை அடிக்கப்போறது நீங்கதான் தம்பி, உங்க எம்டி இல்ல, க்ளையண்ட்டும் இல்ல. இதை யோசிங்க.

நெசவுக்கடை:

வக்கீல் சார், ஒரு சந்தேகம். மருந்துக்கடை உதாரணம் சொன்னீங்களே, அப்ப நான் பில் போடும்போது வாங்கின நம்பரை ஏத்துறதும் அதே கணக்குலதானே வரும்?

தஞ்சை_வக்கீல்:

வரும் சார். சேலைன்னாலும் குடுத்த காரணம் பில்லுக்குத்தானே. 2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை, நம்பர் குடுத்தாத்தான் பில்னு கடைக்காரங்க வற்புறுத்தக் கூடாதுன்னு அறிவுறுத்தல் குடுத்தாங்க. நீங்க சொன்ன மாதிரி தெரிஞ்சா பாதிப்பு கம்மிதான், அதை நான் மறுக்கல. ஆனா கேட்டுட்டு ஏத்துங்க, "புது டிசைன் வந்தா ஃபேஸ்புக்ல, இன்ஸ்டால காட்டலாமா"ன்னு பில் போடும்போது ஒரு வார்த்தை. சரின்னு சொல்றவங்களை மட்டும் தனியா குறிச்சு வைங்க.

நெசவுக்கடை:

சரிங்க சார். கேட்டா பாதிப் பேர் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, எனக்கு அது நஷ்டம்தான், இருந்தாலும் நீங்க சொல்றது நியாயம். ஆன்லைன் ஆர்டர் ஃபார்ம்ல முதல்ல மாத்திடுறேன், கடைல பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பேர் வேண்டாம்னு எழுதின அக்கா, உங்க பதிவை எங்க எம்டிகிட்ட அப்படியே படிக்கக் குடுத்தேன். படிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் லிஸ்ட்டை ஏத்த வேண்டாம்னு சொல்லிட்டாரு. வக்கீல் சார் சொன்ன டிக் விஷயமும் அவரை உலுக்கிடுச்சு.

க்ளையண்ட்கிட்ட நானும் அவரும் சேர்ந்து பேசினோம். அது சுலபமா இல்ல. வேற ஏஜென்சி பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க, நீங்க ஏன் முடியாதுங்கறீங்கன்னு கேட்டாங்க. அங்க இருக்கிற பெரிய டாக்டரம்மாவையும் உக்கார வச்சுப் பேசினதுலதான் விஷயம் திரும்புச்சு, லிஸ்ட் ட்ரீட்மெண்ட் விவரத்தோட வெளிய போயிருக்குன்றதே அவங்களுக்குத் தெரியாது. இப்போதைக்குப் பேசி வச்சது இதுதான். கூகுள்ல தேடுறவங்களுக்கு மட்டும் விளம்பரம், அதாவது "குழந்தையின்மை சிகிச்சை மதுரை"ன்னு அவங்களே அடிச்சுத் தேடினா அந்தத் தேடலுக்குப் பதிலா வரும், பழைய கதை எதையும் வச்சு இல்ல. டாக்டரம்மா தமிழ்ல சின்னச்சின்ன வீடியோ பேசப் போறாங்க, ஆம்பளைங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும்னுதான் முதல் வீடியோ. இன்ஸ்டா, ஃபேஸ்புக்ல மதுரை, திண்டுக்கல், விருதுநகர் சுத்துவட்டாரம்னு ஊரை மட்டும் வச்சு அதை ஓட்டுறோம்.

கோடர் ப்ரோ, நீங்க கேட்ட பிக்சல் அப்பாயிண்ட்மெண்ட் பக்கத்துல இருக்கு, முன்னாடி இருந்த ஏஜென்சி போட்டது, அட்வான்ஸ்டு மேட்சிங்கும் ஆன்ல இருக்கு. எடுக்கச் சொல்றேன். ஆனா எடுத்துட்டா எந்த விளம்பரத்துல இருந்து எத்தனை பேர் வந்தாங்கன்னு மாசக் கடைசில ரிப்போர்ட் எப்படிக் குடுக்கிறது? க்ளையண்ட் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

ராத்திரி_கோடர்:

அது பெரிய விஷயமே இல்ல ப்ரோ. விளம்பரத்துக்குன்னு தனியா ஒரு போன் நம்பர் வாங்கிப் போடுங்க, கூகுளுக்கு ஒண்ணு, வீடியோவுக்கு ஒண்ணு. எந்த நம்பருக்கு எத்தனை கால் வந்துச்சுன்னு எண்ணிக்கிட்டாப் போதும், கூப்பிட்டது யாருன்னு நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதே இல்ல. நேர்ல வர்றவங்ககிட்ட ரிசப்ஷன்ல "எங்க பாத்து வந்தீங்க"ன்னு கேட்டு ஒரு நோட்டுல கோடு போடச் சொல்லுங்க, பேர் எழுத வேண்டாம். வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வந்தாங்கன்றது சர்வர் லாக்லயே (வெப்சைட் ஓடுற கம்ப்யூட்டர் வச்சிருக்கிற பதிவு) வரும். ஆளு ஆளா தெரியாது, மொத்தமா தெரியும், பட்ஜெட்டைப் பிரிக்க அதுவே போதும்.

பிக்சலை எடுக்கும்போது அந்தப் பக்கத்துல மட்டும் எடுக்காதீங்க, டேக் மேனேஜர்ல (இந்த மாதிரி கோடை எல்லாப் பக்கத்துலயும் போடுற டூல்) இருந்தே எடுங்க, இல்லன்னா ட்ரீட்மெண்ட் பக்கங்கள்ல ஓடிட்டே இருக்கும். அப்புறம் அந்த எக்செல் ஷீட். உங்க மெயில்ல இருக்கும், எம்டி மெயில்ல இருக்கும், ஆபீஸ் வாட்ஸ்அப் க்ரூப்ல யாராவது ஃபார்வேர்ட் பண்ணியிருந்தா ஒவ்வொருத்தர் போன்லயும் டவுன்லோடு ஆகியிருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ட்ரைவ், ட்ராஷ் எல்லாத்துலயும் தேடி அழிச்சுட்டு, அழிச்சாச்சுன்னு க்ளையண்ட்டுக்கு ஒரு மெயில் போட்டுடுங்க. முன்னாடி இருந்த ஏஜென்சிக்கும் இந்த மாதிரி லிஸ்ட் போயிருக்கான்னு அதே மெயில்லயே கேளுங்க. போயிருந்தா மெட்டா விளம்பர அக்கவுண்ட்ல ஆடியன்ஸ் பக்கத்துல அது இன்னும் உக்காந்திருக்கும், அதையும் அதுல இருந்து உண்டாக்கின லுக்கலைக்கையும் டெலீட் பண்ணணும், அட்மின் ஆக்சஸ் இல்லாம உங்களால முடியாது, முதல்ல அதைக் கேட்டு வாங்குங்க.